கையெழுத்து போடாமல் வீட்டுக்கு வந்தேன்: வடசென்னைப் பங்குகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய பங்குத்தந்தையருக்கும், பங்குப்பேரவை உறுப்பினர்களுக்கும், அன்பியப் பொறுப்பாளர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு. இரண்டாம் பூசை முடிந்து வெளியே வந்தால் மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் ஒரு மேசை. மேலே நீல பிளாஸ்டிக் விரிப்பு, காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் மெழுகுவர்த்தி ஸ்டாண்டு, நோட்டோடு சணலில் கட்டிய பேனா. இளைஞர் குழுப் பையன் ஒருவன், மீசை இன்னும் ஒழுங்காக முளைக்காதவன், "ஆன்ட்டி, ஒரு சைன் போட்டுட்டுப் போங்க, கருக்கலைப்புக்கு எதிரா" என்றான். வாங்கிப் படித்தேன். 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை அடியோடு நீக்க வேண்டும், கருக்கலைப்பு செய்துகொள்பவர், செய்பவர் யாராக இருந்தாலும் தண்டிக்க வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்கும் மனு. ஆகஸ்ட் 10க்குள் ஆயிரம் கையெழுத்து சேர வேண்டுமாம். அந்தச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த தேதி அது.

பேனாவை எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். "கண்ணாடி எடுத்துட்டு வரலப்பா" என்றேன். முழுப் பக்கத்தையும் நான் படித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றவனிடம் இந்தப் பொய். அவன் மரியாதைக்குச் சிரித்து வைத்தான்.

எந்தக் கோவில் என்று சொல்லப் போவதில்லை. நான் ராயபுரத்தில் பிறந்து, கொருக்குப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு, இப்போது தண்டையார்பேட்டையில் மகன் வீட்டில் இருப்பவள். முட்டி வலி விடுகிற ஞாயிறுகளில் எந்த பஸ் முதலில் வருகிறதோ அது போகும் வழியிலுள்ள கோவிலில் பூசை காண்கிறேன். 31 வருடம் செவிலியர் வேலை, அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டில். கையெழுத்து போடாததற்கு அந்தப் பையனுக்கு நான் ஒரு காரணம் கடன்பட்டிருக்கிறேன். அவனை அங்கே உட்காரவைத்த உங்களுக்கும்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சந்தேகப்பட வேண்டாம். வயிற்றில் இருப்பது உயிர் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. தானாகக் கலைந்து வந்த பதினாறு வாரக் குழந்தை ஒன்றுக்கு, இன்னும் துடிப்பு இருந்ததால், தாய் கேட்டுக்கொண்டபடி எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறேன். அதன் விரல்களை எண்ண முடிந்தது. வார்டில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே, கலைப்பு கேஸ்களில் என்னைப் போட வேண்டாம் என்று இன்சார்ஜ் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அவர் முஸ்லிம். "உன் மனசுக்கு ஒவ்வாததைச் செய்ய வேணாம், ஆனா அதுக்கு அப்புறம் அவங்களைப் பாத்துக்கணும், அதுல மூஞ்சியைத் திருப்பக் கூடாது" என்றார். கடைசி வரை அப்படித்தான் செய்தேன். ஆகவே இந்த மடல் எதிர்க்கட்சியிலிருந்து வருவதில்லை, நம் வீட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது.

இனி அந்த மனு.

எழுதியவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினாரா என்று எனக்குச் சந்தேகம். 1971ஆம் ஆண்டுச் சட்டம் கருக்கலைப்பைப் பெண்ணின் உரிமை என்று எழுதி வைத்த சட்டம் அல்ல. வெள்ளைக்காரன் 1860இல் கொண்டுவந்த தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு கருக்கலைப்பைக் குற்றம் என்றது. அந்தக் குற்றத்திலிருந்து, இன்ன காரணம், இத்தனை வாரம், பதிவு பெற்ற மருத்துவர் என்று சில நிபந்தனைகளோடு விலக்கு கொடுப்பதுதான் 1971ஆம் ஆண்டுச் சட்டம். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20லிருந்து 24 வாரம் வரை குறிப்பிட்ட சில பெண்களுக்கு மட்டும், இரண்டு மருத்துவர்கள் ஒப்புக்கொண்டால். அதற்கு மேல் கருவில் கடுமையான குறைபாடு இருந்தால் மருத்துவக் குழு முடிவு செய்யும். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 20லிருந்து 24 வார விலக்கை மணமாகாத பெண்களுக்கும் விரித்தது. அடுத்த ஆண்டே 26 வாரக் கருவைக் கலைக்கக் கேட்டு வந்த ஒரு தாய்க்கு அதே நீதிமன்றம் அனுமதி மறுத்தது.

இந்த விலக்கை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பழைய குற்றம்தான். 2024 ஜூலை 1 முதல் அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 88ஆம் பிரிவு. மூன்று ஆண்டு வரை சிறை, வயிற்றில் குழந்தை அசையத் தொடங்கிய பிறகு என்றால் ஏழு ஆண்டு வரை. தாயின் உயிரைக் காப்பாற்றச் செய்தால் மட்டும் குற்றமில்லை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இதில் அடக்கம் என்று விளக்கமே போட்டிருக்கிறது. பதினேழு வயதா, மிரட்டப்பட்டாளா, கைவிடப்பட்டாளா என்றெல்லாம் அந்தப் பிரிவு கேட்காது.

நம் திருச்சபைச் சட்டம் கேட்கிறது. கருக்கலைப்பு செய்தவர் தானாகவே திருச்சபைக்கு வெளியே போய்விடுகிறார் என்ற விதியை எல்லா மறையுரையிலும் கேட்டிருக்கிறோம். அதே சட்டத் தொகுப்பு பதினாறு வயது நிரம்பாதவளுக்குத் தண்டனையே கிடையாது என்றும், பதினெட்டு நிரம்பாதவளுக்கும் கடும் பயத்தால் நெருக்கப்பட்டுச் செய்தவளுக்கும் அந்தத் தானாக விழும் தண்டனை பொருந்தாது என்றும் சொல்வதை ஒரு மறையுரையிலும் கேட்டதில்லை. 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாகக் கொடுத்தார். ரோமாபுரி இவ்வளவு யோசித்து எழுதியிருக்க, அதைவிடக் கடுமையான ஒன்றை டெல்லியிடம் கேட்டு நாம் கையெழுத்து வாங்குகிறோம். இது எனக்குப் புரியவில்லை.

என் தம்பி பூந்தமல்லி குருமடத்தில் சில வருடம் படித்து வெளியே வந்தவன். புத்தகங்களை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டான் என்று நினைக்கிறேன், அவ்வளவு இருக்கிறது. அவனிடம் இதைச் சொன்னதும் டீ ஆறும் வரை சண்டை. அவன் சட்டம் முதலில் வேண்டும் என்கிற கட்சி. "சட்டம்னா வெறும் தடி இல்லக்கா, அது வாத்தியார். உடன்கட்டையைச் சட்டம் போட்டுத்தானே நிறுத்தினாங்க? எல்லாரும் மனசு மாறட்டும்னு காத்திருந்திருந்தா இன்னும் எரிச்சிட்டிருப்பாங்க" என்றான். சட்டென்று பதில் சொல்லக் கூடிய வாதமில்லை இது. கொல்லாதே என்பதை மனம் மாறுகிறவர்களுக்கு மட்டும் என்று விட முடியாது. 1984இல் நியூயார்க் ஆளுநர் மரியோ குவோமோ, அவரும் கத்தோலிக்கர்தான், திருச்சபை சொல்வதைத் தான் ஏற்பதாகவும், பல மதத்தவர் வாழும் நாட்டில் பரவலான ஒப்புதல் இல்லாமல் அதைச் சட்டமாக்க முடியாது என்றும் ஒரு பல்கலைக்கழகத்தில் பேசினார். அந்தப் பேச்சு பலருக்கு இன்றும் வசதியான நாற்காலி. ஒப்புதல் இல்லை என்று சொல்லிவிட்டு அதை உண்டாக்க ஒரு துரும்பையும் அசைக்காதவர்கள்மீது எனக்கும் மரியாதை கிடையாது.

ஆனால் தம்பியின் அலமாரியிலேயே மறுபக்கமும் இருக்கிறது. புனித தோமா அக்குவினார், மனிதச் சட்டம் எல்லாத் தீமையையும் தடுக்கப் போக வேண்டியதில்லை, பெரும்பாலோர் தவிர்க்கக்கூடிய கொடிய தீமைகளை, முக்கியமாகப் பிறருக்குக் கேடு செய்பவற்றை, தடுத்தால் போதும் என்கிறார். கொலையை அவரே அந்தக் கொடிய தீமையில் சேர்க்கிறார் என்று தம்பி உடனே விரல் வைத்துக் காட்டினான். சரி, ஒப்புக்கொண்டேன். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995 மார்ச் 25 அன்று எழுதிய 'வாழ்வின் நற்செய்தி' மடலை நான் எடுத்தேன். கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் அநீதி என்று அதில் அவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். அடியோடு நீக்க முடியாத இடத்தில், தீமையைக் குறைக்கும் சட்டத்துக்கு ஒரு கத்தோலிக்கச் சட்டமன்ற உறுப்பினர் வாக்களிக்கலாம் என்றும் 73ஆம் பத்தியில் வழி விடுகிறார். 90ஆம் பத்தியில், அநீதியான சட்டத்தை நீக்கினால் மட்டும் போதாது, அதற்குப் பின்னாலுள்ள காரணங்களை ஒழிக்க வேண்டும், குடும்பத்துக்கும் தாய்மைக்கும் கைகொடுக்க வேண்டும் என்கிறார். அதற்கெல்லாம் முன்னால், 59ஆம் பத்தியில், கருவைக் கொல்ல முடிவெடுப்பதில் தாயைத் தவிர வேறு யாருக்கெல்லாம் பங்குண்டு என்று பட்டியல் போடுகிறார். பட்டியலில் முதல் ஆள் தகப்பன். அவளை நெருக்குகிறவனோ, தனியே விட்டுவிட்டுப் போகிறவனோ. மனுவில் அவனைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தம்பி கடைசியில் வாதத்தை அயர்லாந்துக்குக் கொண்டுபோனான். நானே அங்கே போகலாம் என்றுதான் இருந்தேன்.

1983இல் அந்த நாட்டு மக்கள் வாக்களித்து, பிறக்காத குழந்தையின் வாழ்வுரிமையை அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்தார்கள். ஆதரித்தவர்கள் நூற்றுக்கு 66.9. சாசனத்தைவிடப் பெரிய சட்டம் ஏது? அடுத்த 35 வருடமும் வயிற்றில் பிள்ளையோடு பெண்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறிப் போய்க் கலைத்துவிட்டு வந்தார்கள். 2018 மே மாதம் மறுபடியும் வாக்கெடுப்பு வைத்தபோது, அந்தத் திருத்தத்தை நீக்கச் சொன்னவர்கள் நூற்றுக்கு 66.4. மூன்றில் இரண்டு பங்கு அப்படியே இந்தப் பக்கம் வந்துவிட்டது. நடுவே 2012இல் கர்நாடகத்தைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர் கால்வே நகரத்தில் செப்சிஸ் என்ற கடும் தொற்று வந்து இறந்தார். 17 வாரக் கரு தானாகக் கலையத் தொடங்கியிருந்தது, காப்பாற்ற வழியில்லை என்று தெரிந்திருந்தது, ஆனாலும் அதன் இதயம் துடிக்கிறதே என்று காத்திருந்தார்கள். விசாரணைக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் இலங்கைத் தமிழரான பேராசிரியர் சபாரத்தினம் அருள்குமரன். கருவின் துடிப்பு நிற்கக் காத்திருந்ததில் இருந்த கவனம் தாயைக் கண்காணிப்பதில் இல்லை என்றும், சட்டத்தை அவர்கள் புரிந்துகொண்ட விதமும் அதற்கொரு காரணம் என்றும் அறிக்கை சொன்னது. தாய்க்கு அவசியமான சிகிச்சையின் விளைவாகக் கரு போய்விட்டால் திருச்சபை அதைக் கொலை என்று சொல்வதில்லை. சட்டத்துக்குப் பயந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் டாக்டருக்கு அந்த நுணுக்கமெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வருமா?

அயர்லாந்தில் என்னைத் தூங்கவிடாதது வேறொன்று. மணமாகாமல் கர்ப்பமான பெண்களை அடைத்து வைத்த இல்லங்கள் அங்கே இருந்தன, பலவற்றைக் கன்னியர் சபைகள்தான் நடத்தின. 2021 ஜனவரியில் அரசு விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தது. விசாரித்த 18 இல்லங்களில் ஏறக்குறைய 9,000 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். கருவிலிருக்கும் உயிருக்காகச் சாசனத்தைத் திருத்திய அதே நாட்டில், பிறந்துவிட்ட உயிர் அவமானச் சின்னமாக இருந்தது.

இங்கே வடசென்னைக்கு வருகிறேன்.

ஒரு இரவுப் பணி. வருடம் சொல்ல மாட்டேன். இருபது வயதிருக்கும், பதினொரு வாரம். உள்ளே அழைத்துப் போகும் முன் கழுத்திலிருந்த பழுப்பு உத்தரியத்தை, மாதாவின் பெயரால் அணியும் சின்னத் துணி மாலையை, கழற்றி என் கையில் வைத்தாள்.

"அக்கா, இத்த கொஞ்சம் வெச்சிக்கிறீங்களா? உள்ள போட்டுனு போவ வேணாம்னு தோணுது."

"நீ நம்ம ஆளா?" என்றேன்.

தலையாட்டினாள். பூசையில் பாடுகிற பெண்ணாம். பையன் துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவன், கட்டிக்கொள்கிறேன் என்றுதான் சொல்கிறானாம். "அப்புறம் என்ன?" என்றதற்கு, "அவன் வேற ஆளுங்கக்கா" என்றாள். அம்மாவுக்குத் தெரியும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவுக்குத் தெரிந்தால் செத்துவிடுவார். "அவரு பங்குப்பேரவையில கீறாரு. கல்யாண அறிவிப்பு ஓலை படிக்கிறப்போ வயிறு தெரிஞ்சா கோயில்ல எப்படி நிப்பாரு?"

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? 'வாழ்வின் நற்செய்தி'யா? "பயப்படாத, மூச்சை நல்லா இழுத்து விடு" என்றேன். அவ்வளவுதான். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு பல இரவுகள் யோசித்திருக்கிறேன். வேண்டாம், என்னோடு வா என்று சொல்லலாம். எங்கே கூட்டிக்கொண்டு போவது? என் மாமியார் இருந்த ஒன்றரை அறை வீட்டுக்கா? எந்தப் பங்கில் எந்தக் கதவைத் தட்டுவது? அந்த இரவில் எனக்கு ஒரு விலாசம்கூடத் தெரிந்திருக்கவில்லை. உத்தரியம் விடியும் வரை என் ஏப்ரன் பாக்கெட்டில் கிடந்தது. காலையில் கொடுத்தபோது அவள் கழுத்தில் போடவில்லை. பர்சில் பஸ் டிக்கெட்டுகளோடு சேர்த்து வைத்து ஜிப்பை இழுத்தாள்.

அவளை அந்த ஆபரேஷன் மேசைக்கு அனுப்பியது 1971ஆம் ஆண்டுச் சட்டம் என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். அப்படி ஒரு சட்டம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த சட்டம் எங்கும் அச்சாகவில்லை. ஓலை வாசிக்கும்போது பின்வரிசையில் எழும் முணுமுணுப்பு அந்தச் சட்டம். பாடற்குழுவிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் பெயரை எடுப்பது அந்தச் சட்டம். அக்கம்பக்கக் குடும்பங்கள் சேரும் அன்பியக் கூட்டம் அந்த வீட்டில் வேண்டாம், அடுத்த வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்பதும் அதுதான். நம் சாதிப் பிரிவுகளைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, கல்லறைத் தோட்டம் வரைக்கும் கொண்டுபோனவர்கள் நாம். தகப்பன் பெயர் எழுத முடியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் கேட்டுப் போன ஒரு தாயை, இன்று வா நாளை வா என்று மூன்று முறை திருப்பி அனுப்பிய பங்கு ஒன்றும் எனக்குத் தெரியும். பெற்றோரில் ஒருவர் சம்மதித்து, குழந்தை விசுவாசத்தில் வளரும் என்ற நம்பிக்கை இருந்தால் போதும் என்றுதான் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் புவனஸ் ஐரிஸில் பேராயராக இருந்த காலத்திலேயே இப்படித் திருப்பி அனுப்பும் குருக்களை வெளிவேடக்காரர்கள் என்று கடிந்தவர். கலைக்காமல் பெற்றுக்கொண்டு வந்தவளைக் கதவோரத்தில் நிற்கவைத்தால், அதைப் பார்க்கிற அடுத்த பெண் என்ன பாடம் படிப்பாள்?

அச்சாகாத இந்தச் சட்டத்தை நீக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. நீங்களே போதும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மணமாகாத பெண்தான் கலைக்க வருகிறாள் என்று கோவிலில் பேசிக்கொள்கிறோம். வார்டில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் தாலி கட்டியவர்கள், வீட்டில் இரண்டு பிள்ளை இருப்பவர்கள். காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறவளுக்கு ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம். விசைப்படகு போகாது, கையில் காசு இருக்காது, வீட்டுக்காரர் இருக்கிற காசையும் குடித்துத் தீர்ப்பார், அந்த நேரம் பார்த்து நாள் தள்ளிப்போகும். கருத்தடை கூடாது என்று 1968இலேயே திருச்சபை சொல்லிவிட்டது, இயற்கை முறையைப் பின்பற்றச் சொல்கிறது. சரி. திருமணத் தயாரிப்பு வகுப்பில் அந்த இயற்கை முறைகளில் ஒன்றான பில்லிங்ஸ் முறைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோம்? நான் போய்ப் பேசிய ஒரு வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இருபது நிமிடம் கொடுத்தார்கள். பிரியாணி வாசனை வந்துவிட்டது, மாப்பிள்ளைகள் ஒருவர் காதிலும் விழவில்லை. இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அது வேறொரு மடல்.

சட்டம் எட்டாத இடம் ஒன்றும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு நம் நாட்டில் 1.56 கோடி கருக்கலைப்புகள் நடந்ததாக லான்செட் குளோபல் ஹெல்த் மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு ஒன்று கணக்கிட்டது. விவரம் திரட்டிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அந்த 1.56 கோடியில் நூற்றுக்கு 73, எந்த மருத்துவமனையின் வாசலையும் மிதிக்காமல் மாத்திரையால் நடந்தவை. மருத்துவரைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இறுக்கினாலும் தளர்த்தினாலும், பூட்டிய பாத்ரூமுக்குள் தண்ணீர் பைப்பைத் திறந்துவிட்டு அழுகிறவளை அது எப்படித் தொடும்? ரத்தம் நிற்காமல் நாலாவது நாள் தூக்கிக்கொண்டு வருவார்கள். கேஸ் ஆகிவிடும் என்ற பயம் கூடினால் ஆறாவது நாள் வருவார்கள்.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, தம்பி இதைப் படித்தால் குதிக்க வேண்டாம். பெண் கரு என்று கண்டு கலைப்பதைத் தடுக்க 1994இல் வந்த சட்டம் நமக்கு முழுச் சம்மதமான சட்டம். அதற்கு இரண்டு வருடம் முன்பே சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. சட்டத்தோடு ஒரு தொட்டிலும் இருந்தது என்பதைக் கவனியுங்கள். பெற்ற குழந்தையை வளர்க்க முடியாத தாய், குழந்தைகள் நலக் குழு முன் ஒப்படைக்கலாம், மனம் மாறினால் இரண்டு மாதத்துக்குள் திரும்பப் பெறலாம் என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. 1098க்குப் போன் செய்தாலே வழி சொல்வார்கள். கோவில் அறிவிப்புப் பலகையில் திருவிழா நன்கொடையாளர் பட்டியலுக்கு இருக்கும் இடம் இந்த ஒரு எண்ணுக்கு இருந்ததில்லை. அன்னை தெரேசா 1979இல் நோபல் பரிசு வாங்கப் போன இடத்தில், கருக்கலைப்பைத் தத்துக்கொடுத்தலால் எதிர்க்கிறோம் என்றார். அவர் கையில் கொடுக்க ஒரு வீடு இருந்தது, பேசினார்.

மனம் மாற்றுதல் என்றால் படம் காட்டிப் பயமுறுத்துவது என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்தி மனதை மாற்றியிருக்கிறாள், அவள் கத்தோலிக்கர்கூட இல்லை. எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போடும் அக்கா. மேல்மாடித் தகரக் கொட்டகையில் வாடகைக்கு இருந்த இரண்டு வேலைக்காரப் பெண்களில் ஒருத்தி ஒருநாள் விடியற்காலையில் கடை ஓரமாக வாந்தி எடுத்தாள். அக்கா ஆவி பறக்கும் இட்லித் துணியை உதறிக்கொண்டே அவளைப் பார்த்தாள். "எத்தினி மாசம்?" பதில் இல்லை. "சரி, முதல்ல துன்னு. அப்பால பேசிக்கலாம்." அவ்வளவுதான் உபதேசம். அப்பால யாரும் பேசவில்லை. தினமும் காலையில் நாலு இட்லி, காரம் குறைத்த சட்னி தனியாக. ஏழாம் மாதம் கைக்கு இரண்டு டஜன் கண்ணாடி வளையல். எனக்குத் தெரிந்த பழக்கத்தில் பிரஷர் பார்க்கப் போவேன். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ. மூன்றாம் மாதம் பெண்ணின் அம்மா ஊரிலிருந்து வந்து இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள். அப்புறம் ஒரு கடிதம் இல்லை, போன் இல்லை. அஞ்சு மாச வாடகை பாக்கி என்று அக்கா இன்றைக்கும் என்னிடம் புலம்புகிறாள், நான்தான் அதற்குப் பொறுப்பு என்பதுபோல.

நம் வேதத்திலும் இப்படித்தானே இருக்கிறது? மரியாள் கருவுற்றிருப்பது தெரிந்தபோது, மோசேயின் சட்டப்படி ஊரைக் கூட்டிக் கல்லெறியவைக்க யோசேப்புக்கு வழி இருந்தது. அவளை இகழ்ச்சிக்கு உள்ளாக்க அவருக்கு மனமில்லை. மத்தேயு அவரை நேர்மையாளர் என்கிறது. மரியாளோ மலைநாட்டுக்கு ஓடிப் போய், வயதான காலத்தில் உண்டாகியிருந்த எலிசபெத்தின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கியிருக்கிறாள். மங்கள வார்த்தை செபத்தில் ஒரு பகுதி அந்த வாசற்படியில் பிறந்தது. மூன்று மாதமும் என்ன செய்திருப்பாள்? தண்ணீர் இறைத்திருப்பாள், சமைத்திருப்பாள்.

ராயபுரம் என்ற பெயரே இராயப்பரிடமிருந்து, அதாவது புனித பேதுருவிடமிருந்து, வந்தது என்று சின்ன வயதில் உபதேசியார் சொல்வார். பெரிய வியாழன் இரவு, குளிர்காய்ந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு வேலைக்காரப் பெண் கேட்ட கேள்விக்குப் பயந்து, அந்த ஆளையே தெரியாது என்றவர் அவர். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம் பாறை என்று பெயர் வாங்கியவரையே அந்தப் பாடு படுத்தியது. அவருக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு நமக்கெல்லாம் பிடித்த கதை.

கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அந்த மேசையைத் தூக்கச் சொல்லவில்லை. மனுவில் பெண்ணைத் தண்டிக்கும் வரியை அடித்துவிட்டு, பிரசவம் வரை தங்க இடமும் பிறகு வேலையும் கொடு என்று அரசைக் கேட்கும் வரியைச் சேர்த்தால் நானே முதல் ஆளாகக் கையெழுத்து போடுகிறேன், கண்ணாடியோடு வருகிறேன். பேரவைக் கூட்டத்தில் ஒருமுறை, தயவுசெய்து வாய்விட்டு, ஒரு தீர்மானம் போடுங்கள்: வயிற்றோடு வருகிற எந்தப் பெண்ணின் பெயரும் எந்தக் குழுவிலிருந்தும் எடுக்கப்படாது, அவள் குழந்தைக்கு ஞானஸ்நானம் தள்ளிப்போகாது, கேட்டால் ஓலையைப் படிக்காமலே விலக்கு வாங்கித் தருவோம் என்று. ஆயரிடம் கேட்டால் அந்த விலக்கு கிடைக்கும், உங்களுக்குத் தெரியாததில்லை. அதைப் பூசை முடிவில் அறிவிப்போடு அறிவிப்பாக வாசியுங்கள், கடற்கரைத் திருப்பயணத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு என்பதற்கு முன்னால்.

அப்புறம், மேசை போட்டிருந்த அந்தக் கோவிலில் கெபிக்குப் பின்பக்கம் ஓர் அறை இருக்கிறது. முன்பு நூலகமாக இருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உடைந்த நாற்காலிகள், போன வருடக் கிறிஸ்துமஸ் குடிலின் வைக்கோல், ஒரு தையல் மிஷின். ஒரு கட்டிலும் மின்விசிறியும் போட இடம் போதும். வியாழன் மாலைகளில் நான் சும்மாதான் இருக்கிறேன். என்னோடு ஓய்வு பெற்ற இரண்டு பேர், ஒருவர் பழைய வண்ணாரப்பேட்டை, ஒருவர் வியாசர்பாடி, வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிரஷர் கருவி என்னிடம் இருக்கிறது. இட்லி அக்காவிடமும் பேசிவிட்டேன், பழைய பாக்கி தீராமல் புதுக் கணக்கு கிடையாது என்று முதலில் சொன்னாள், பிறகு எத்தனை பேருக்கு என்று கேட்டாள்.

அறையில் தொங்குவது பழைய கோத்ரெஜ் பூட்டு. கோவில்பிள்ளையைக் கேட்டேன், சாவி பேரவைச் செயலாளரிடம் என்றார். செயலாளரைக் கேட்டேன், ஃபாதரிடம் என்றார். ஃபாதர் தியானத்துக்குப் போயிருக்கிறாராம். யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருத்தி,
தண்டையார்பேட்டை